மலருக்கு வாசித்த கடிதம்

ஒஸ்லோ நகரத்து ரொம்சோஸில் எங்கள் மாடிப் புளொக்கில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு நோர்வேஜியக் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் கதவுக்குத்தான் வரும். கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் சரி, "யோசெப்பின் அக்கா, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று நீட்டுவார்கள். நான் வடக்கே மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடம் நோர்வேஜியப் பெண்களோடு நின்று மீன் வெட்டியவள். அந்தப் பாஷை எனக்குச் சண்டை பிடிக்குமளவுக்கு வரும். அதோடு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற குணமும் எனக்கு உண்டு. "இல்லையெண்டு எழுதியிருக்கு. அழுது பிரயோசனமில்லை, போய்ச் சோத்தை வை" என்று சொல்லித்தான் கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பேன். வாய் பொல்லாதவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பிறகும் என்னிடம்தான் வருவார்கள்.

இருபது வருடத்தில் ஒரே ஒரு கடிதத்தைத்தான் நான் பொய்யாக வாசித்தேன். அது புஷ்பமலருக்கு வாசித்தது.

அவளை எல்லாரும் மலர் என்போம். அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஓக்கெர்ன் பக்கம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை கிளீனிங். மலைக்குள் குடைந்து வைத்திருக்கிற எங்கள் ஸ்டேஷனில் முதல் ரயிலுக்கு நாங்கள் இருவரும் நிற்போம். அவள் கையில் எப்போதும் ஒரு தேநீர்ப் போத்தல் இருக்கும். அதற்குள் இஞ்சி போட்ட தேத்தண்ணி. எனக்கு இஞ்சி பிடிக்காது என்று பத்து வருடமாகச் சொன்னேன். பத்து வருடமும் இஞ்சி போட்டே கொண்டுவந்தாள்.

அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒருவரின் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஆனால் எல்லாரையும் குப்பைக் கூடையை வைத்துத் தெரியும். "வாழைப்பழக்காரர் இண்டைக்கு வரேல்லைப் போல" என்பாள். "அந்தச் சுவிங்கம்காரி அழுதிருக்கிறாள் அக்கா, கூடை முழுக்கக் கடதாசி." எங்கள் மேற்பார்வைக்காரன் ஒரு தடித்த நோர்வேஜியன். அவனோடு அவள் தமிழில்தான் கதைப்பாள். அவள் தமிழில் ஏச, அவன் நோர்வேஜியனில் தலையாட்டுவான். எப்படியோ வேலை நடந்தது. மொழி வகுப்புக்கு மூன்று நாள் போனாள், நாலாம் நாள் நின்றுவிட்டாள். "உந்தப் பாஷை காதிலை விழுந்தாலே எனக்கு வயித்தைப் பிசையுது" என்றாள். சும்மா சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து நன்றாக ஏசினேன்.

காரணத்தை ஒரு நாள் வேலைத்தலத்துச் சாமான் அறையில், வாளிகளுக்கு நடுவில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

எண்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரி. அவள் ஒஸ்லோவுக்கு வந்து எட்டு மாதம். இரண்டு நாள் நோவெடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. திடீரென்று எல்லாரும் ஓடினார்கள், வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். முகத்தில் மூடி ஒன்றை வைத்தார்கள். அவள் முருகனைக் கூப்பிட்டாள், பிறகு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பத் தெரிந்தது. கண் திறக்க முடியவில்லை, விரல் அசைக்க முடியவில்லை, ஆனால் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது தெரிந்தது. காது நன்றாகக் கேட்டது.

"அவையள் கதைச்சுக்கொண்டே நிண்டவை அக்கா. ஒருத்தன் சிரிச்சவன். என்னைப் பற்றிக் கதைக்கினமோ, நான் சாகப்போறன் எண்டு கதைக்கினமோ, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கினமோ. ஒரு சொல், ஒரே ஒரு சொல் விளங்கினாக் காணும் எண்டு கிடந்தனான். பேந்து பிள்ளை அழுத சத்தம் கேட்டது. அது ஒண்டுதான் விளங்கினது."

புருஷன் ஜெயரத்தினத்திடம் சொன்னாளாம். அவர் நல்ல மனிதர், அல்னாபுருவில் ஒரு பண்டகசாலையில் பாரம் ஏற்றுகிற வேலை. "கனவு கண்டிருப்பாய்" என்றாராம். நேர்ஸுக்குச் சொல்ல இவளிடம் பாஷை இல்லை. அன்றிலிருந்து நித்திரைக்குப் போகும்போது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ வைத்துத் தமிழ் ஒலிபரப்பைப் போட்டுவிடுவாள். அது நின்று போனால் நாடாவில் பதிந்த பேச்சு ஏதாவது. பாட்டு வேண்டாம், பேச்சுத்தான் வேண்டும். "நித்திரையிலை முழிப்பு வந்தாலும் காதிலை விளங்கிற சொல்லு விழவேணும்" என்றாள். எனக்கு அன்று அவளை ஏசினதெல்லாம் நினைவு வந்து வெட்கமாகப் போய்விட்டது.

அன்று பிறந்த பிள்ளைதான் கம்சிகா. மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மார் நரிக் கதையும் காகக் கதையும் சொல்ல, இவளுக்கு மலர் இந்தக் கதையைச் சொல்லி வளர்த்தாள். "மயக்க மருந்து குடுக்கிற ஆள் தலைமாட்டிலைதான் இருப்பார். அந்த ஆளுக்கு நான் சொல்லுறது விளங்கியிருந்தால்..." என்று முடிப்பாள். ஒன்பது வயதில் கம்சிகா பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தாள். கட்டில், கட்டிலில் அம்மா, தலைமாட்டில் பச்சைத் தொப்பி போட்ட தான். அந்தப் படம் குளிர்ப்பெட்டிக் கதவில் பத்து வருடம் ஒட்டிக் கிடந்தது. இரண்டாயிரத்து ஐந்தில் அவள் நேர்ஸிங் படிக்கச் சேர்ந்தபோது, கெட்டிக்காரப் பிள்ளையை ஏன் டொக்டருக்கு விடவில்லை என்று ஊரெல்லாம் மலரைக் கேட்டது. "என்ரை பிள்ளை தலைமாட்டிலை இருக்கிற வேலைக்குப் படிக்குது" என்று மலர் மார்தட்டினாள். இங்கே ஒப்பரேசனில் தலைமாட்டில் இருந்து மயக்க மருந்தைக் கவனிப்பது அதற்கென்று மேலே படித்த நேர்ஸ்தான். பாதிப் பேருக்கு அவள் சொன்னது விளங்கவேயில்லை.

இரண்டாயிரத்து ஏழு மாசியில் மலருக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு. குடும்ப டொக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கே சதை வெட்டிச் சோதித்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யட்டா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், மகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார் ஜெயரத்தினம். வீட்டு விஷயத்தை ஒரு வேற்றுத் தமிழனுக்கு முன்னால் கதைக்கிறதா? எங்கள் ஆட்களுக்கு அது வராது. கருப்பையில் புற்றுநோய், ஆரம்ப நிலை, கெதியாக எடுத்துவிட்டால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். கம்சிகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு கட்டியாம். எடுத்துப்போட்டாச் சரியாம்" என்று சொன்னாள்.

ஓம், அந்தச் சொல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தகப்பனும் மகளும் ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று பேசி முடித்துக்கொண்டார்கள். என்னிடமும் சத்தியம் வாங்கினார்கள். நான் மறுத்துச் சொன்னேனா? இல்லை. நோயாளிக்கு நோயைச் சொல்லாமல் இருப்பது எங்களுக்குப் பாசம். பெரிய உண்மை பேசுகிறவள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சித்திரை பதினேழாம் திகதி ஒப்பரேசன் என்று நாள் குறித்தார்கள். மலர் முடியாது என்றுவிட்டாள். முதுகில் ஊசி போட்டுச் செய்யலாமா என்று கம்சிகா கேட்டுப் பார்த்தாள். இதற்கு முழு மயக்கம்தான் வேண்டும் என்றார்கள். "அப்ப கட்டி கிடக்கட்டும்" என்றாள் மலர். ஜெயரத்தினம் கத்தினார், கெஞ்சினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கல்லுப் போல இருந்தாள். வழக்கம்போலக் காலையில் என்னோடு வேலைக்கு வந்தாள், கூடைகளைக் கொட்டினாள்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை கம்சிகாவை ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கண்டேன். மரக்கறிப் பையோடு ஓடிவந்தாள்.

"அன்ரி, ஒரு விசர் வேலை பார்த்திருக்கிறன். மயக்க மருந்து நேர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிட்டன்."

"உனக்கு நேர்ஸிங்கே இன்னும் முடியேல்லையேடி."

"ஓம், இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலை கிடக்கு. அது முடிஞ்சு ரெண்டு வருஷம் வேலையும் செய்யவேணும். அப்பதான் விண்ணப்பிக்கலாம்."

"அரிசி ஊறப்போடாமல் தோசை சுடப்போறியோ?"

சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "எடுக்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும் அன்ரி. ஆனா விண்ணப்பம் போட்டா ஒரு கடிதம் அனுப்புவினம். அதை அம்மாட்டைக் காட்டி, நானும் அந்த ஆக்களிலை ஒராளா வரப்போறன், பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லலாம். அப்பா சொல்லியும் கேக்கிறா இல்லை. எனக்கு வேறை வழி தெரியேல்லை." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏன் படிக்க விரும்புறியள் எண்டு எழுதச் சொல்லியிருந்தது. அம்மாவின்ரை கதையை ரெண்டு பக்கத்துக்கு எழுதினனான்" என்றாள். அந்த இரண்டு பக்கத்தை வாசித்துவிட்டு யாராவது மனம் இரங்கி எடுத்துவிடுவார்கள் என்றொரு ஆசை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. இருபத்தொரு வயது. நான் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, சாமான் அறையில் மலர் மேற்சட்டைப் பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நாலாக மடித்திருந்தது.

"பிள்ளை தந்தது. விண்ணப்பம் போட்டிருக்கிறன், எடுப்பினம் எண்டு சொல்லுது. அக்கா, அவை ரெண்டு பேரும் என்னைச் சமாளிக்கிறதுக்கு என்னவும் சொல்லுவினம். நீங்கள் பொய் சொல்ல மாட்டியள். என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ."

வாசித்தேன். ஒரே பக்கம். உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது. விண்ணப்பிப்பவர் நேர்ஸாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், உங்கள் சான்றுகளில் இவை காணப்படவில்லை. இன்ன திகதிக்கு முன் அனுப்பவும், இல்லாவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது. கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

நிமிர்ந்து பார்த்தேன். அன்று காலை அவள் மூன்று தரம் களைத்துக் குந்தி எழும்பியிருந்தாள். வேலை நேரத்தில் அவள் குந்தி நான் கண்டதில்லை. முகம் வெளிறிப் போய், கையில் மஞ்சள் ரப்பர் உறையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளதைச் சொன்னால் இவள் ஒப்பரேசனுக்குப் போகமாட்டாள், செத்துப்போவாள் என்று எனக்குப் பட்டது. மாதாவே, எனக்கு அதுதான் பட்டது.

"இடம் குடுத்திட்டினம்" என்றேன்.

"உண்மையாவோ அக்கா?"

"நான் எப்ப உனக்குப் பொய் சொன்னனான்? இடம் எடுத்து வைச்சிருக்கினமாம். இப்பத்தைய படிப்பு முடிஞ்ச கையோடை தொடங்கலாமாம்."

"எவ்வளவு காலம் அந்தப் படிப்பு?"

"ஒன்றரை வருஷம்."

கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். பிறகு ரப்பர் உறை போட்ட விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள். சந்தோஷத்தில் என்ன செய்கிறதென்று தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவள் எண்ணியது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. வருகிற ஆனியிலிருந்து ஒரு வருடத்தில் நேர்ஸிங் முடியும், அதிலிருந்து ஒன்றரை வருடம். இரண்டாயிரத்துப் பத்துத் தைக்குப் பிள்ளை படித்து முடித்துவிடும்.

இரண்டு நாள் கழித்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அக்கா, இப்ப வேண்டாம், பிறகு வாறன் எண்டு நோர்வேஜியனிலை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரே புளுகம். மேற்பார்வைக்காரனுக்குச் சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இக்கெ நோ, யெய் கொம்மெர் செனெரெ" என்று சொல்லிக் கொடுத்தேன். நீளமான நடைவழி முழுக்க அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே துடைத்தாள். "பாரன், இருபது வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்திட்டுது!" என்று பகிடி பண்ணினேன். அவளும் வெட்கத்தோடு சிரித்தாள்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு அவள் வீட்டில் இருந்த கலகலப்பு! பயற்றம் பணியாரம் சுட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கொடுத்தாள். "மகளுக்கு இடம் கிடைச்சிட்டுது, யோசெப்பின் அக்கா வாசிச்சவ" என்று எல்லாரிடமும் சொன்னாள். கம்சிகா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அந்தக் கடிதத்தோடு அம்மா ஒப்பரேசனுக்குச் சம்மதித்துவிட்டாள், இப்போதைக்கு அது போதும் என்று அவளும் பேசாமல் விட்டுவிட்டாள்.

பதினாறாம் திகதி மாலை மலர் சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலை இருந்து மொழிபெயர்ப்பாளரை வைச்சு எடுத்தவை. நாளைக்கு இல்லையாம், தள்ளிப் போட்டிருக்கினமாம்."

ஜெயரத்தினம் இந்த நாட்டின் கியூவையும் அரசாங்கத்தையும் ஒரு மணி நேரம் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். இந்த நாட்டில் எதற்கும் வரிசைதானே! நாங்கள் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதே கிழமை கம்சிகாவுக்குப் படிப்பின் பகுதியாகப் பத்துக் கிழமை வேலைப் பயிற்சி தூரத்தில் யோவிக் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. போகமாட்டேன் என்று நின்றவளை மலர்தான் உடுப்பு அடுக்கி அனுப்பினாள். "நீ கெதியாப் படிச்சு முடி, அதுதான் எனக்கு மருந்து" என்றாள். தினமும் பிள்ளை அங்கிருந்து தொலைபேசி எடுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து புதுத் திகதிக் கடிதம் இன்னும் வரவில்லை என்று மலர் சொல்வாள். வைகாசியில் கம்சிகா ஆஸ்பத்திரிக்கே எடுத்துக் கேட்டாள். நோயாளியோடு மட்டும்தான் கதைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைத் தாயிடம் சொல்ல, "நான் மொழிபெயர்ப்பாளரோடை எடுத்துக் கேட்டனான், ஜூலை விடுமுறை முடியத்தானாம்" என்று மலர் சொன்னாள். ஜூலையில் இந்த நாடே இழுத்துப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதையும் நம்பினோம்.

ஜூலை முதற்கிழமையில் கம்சிகா வீட்டுக்கு வந்து, தன் கடவுச்சீட்டைத் தேடி அலுமாரியைக் கிளறினாள். ஒரு பிளாஸ்டிக் கோப்பு அகப்பட்டது. முதலாவதாக நான் வாசித்த கடிதம், சுருக்கம் நீவி வைத்திருந்தது. அதற்குக் கீழே கம்சிகா விண்ணப்பித்த பள்ளியிலிருந்து அவள் பெயருக்கு வந்த இன்னொரு கடிதம், பிரிக்கவேயில்லை. அதற்குக் கீழே ஆஸ்பத்திரிக் கடிதங்கள் நாலு. நீங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி ஒப்பரேசன் நிறுத்தப்பட்டது, உடனே தொடர்பு கொள்ளவும், இது தாமதிக்கக்கூடாத விஷயம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக எழுதியிருந்தார்கள். 'இக்கெ நோ' என்று நான் சொல்லிக் கொடுத்ததை மலர் அவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். பிள்ளை போட்ட சத்தம் எனக்கு இரண்டாம் மாடியில் கேட்டது. செருப்பும் இல்லாமல் ஏறிப்போனேன்.

மலர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை கத்துறாய்? நீ படிச்சு முடியட்டும். நீ தலைமாட்டிலை இருந்தாத்தான் நான் படுப்பன். இன்னும் ரெண்டரை வருஷம்தானே? கட்டி எங்கை ஓடப்போகுது?"

கம்சிகா நிலத்தில் இருந்துவிட்டாள். இருந்தபடியே இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா, அது சும்மா கட்டி இல்லை, புற்றுநோய். அம்மா, எனக்கு இடம் கிடைக்கவில்லை, ஒருக்காலும் கிடைத்திருக்காது, இல்லையென்றுதான் இந்தக் கடிதத்திலும் இருக்கிறது. பிரிக்காமல் கிடந்த கடிதத்தைக் கிழித்து விரித்துக் காட்டினாள். மலருக்கு அதை வாசிக்கவா தெரியும்?

"புற்றுநோயோ?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்கு எவ்வளவு வாய்! கடைக்காரனிலிருந்து கொம்யூன் அதிகாரி வரை ஒருவரையும் விட்டதில்லை. அன்று என் வெறுங்காலைத்தான் பார்த்தேன். அவள் என்னைக் கேட்பாள், கேட்டால் காலில் விழுந்து சொல்வேன் என்று நின்றேன். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"அக்கா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வெறும் கதை. எனக்குத் துணிவு இல்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒப்பரேசன் நடந்தது. தியேட்டர் வாசல் வரைக்கும் கம்சிகா போனாள், அதற்கு அப்பால் விடவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற நேர்ஸ் வெள்ளைத் தாடி வைத்த ஒரு மனிதர். கம்சிகா அவருக்குத் தாயின் பழைய கதையைச் சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் நோர்வேஜிய எழுத்தில் 'பயப்பிடாதேங்கோ, நான் இஞ்சைதான் இருக்கிறன்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டு உள்ளே போனாராம்.

பின்னேரம் மலர் கண் விழித்தபோது நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். "அந்தத் தாடிக்காரர் தமிழிலை என்னவோ சொன்னவர், அவ்வளவுதான். நல்ல நித்திரை. இவ்வளவுதானோ? இதுக்கோ இருவத்தொரு வருஷம் பயந்தனான்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். கம்சிகா வெளியே ஓடிவிட்டாள். ஏனென்றால் டொக்டர் அதற்கு முதலே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வயிற்றுக்குள் பரவிவிட்டது, முழுவதும் எடுக்க முடியவில்லை. சித்திரையிலேயே செய்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது. ஐப்பசி வரை இடைக்கிடை என் வீட்டுக்கு இறங்கி வந்து, வேலைத்தலத்தில் யார் கூடையில் என்ன கிடக்கிறது என்று கேட்பாள். "வாழைப்பழக்காரர் இப்ப அப்பிளுக்கு மாறிட்டார்" என்றால் அப்படிச் சிரிப்பாள். இஞ்சித் தேத்தண்ணியை நானே போட்டுக் கொடுப்பேன். அதற்குப் பிறகு படி இறங்க முடியவில்லை.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது முடியப் போகிறது. கம்சிகா நேர்ஸாகி ஒன்றரை வருடம். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. இன்னும் ஆறு மாதத்தில் அவள் அந்தப் படிப்புக்கு முறைப்படி விண்ணப்பிக்கலாம். போன கிழமை கேட்டேன். "பார்ப்பம் அன்ரி" என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டாள். குளிர்ப்பெட்டிக் கதவில் அந்தப் படம் இல்லை. மலர் விரல் மடித்து எண்ணிய தை மாதம் இன்னும் மூன்று கிழமையில் வருகிறது.

மலர் எங்களை விட்டுப் போனது இரண்டாயிரத்து எட்டு மாசியில். கம்சிகாவின் பிறந்தநாள் முடிந்து நாலாம் நாள். கடைசி மூன்று நாளும், நோவு தெரியாமல் இருக்க, மருந்து பம்பில் போய்க்கொண்டே இருந்தது. கண் திறக்கவில்லை. அந்த அறையில் ரேடியோ இழுக்கவில்லை, கரகரவென்ற சத்தம்தான் வந்தது. அதனால் கம்சிகா தலைமாட்டில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, காதுக்குள் கதைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, இப்ப உங்களை மற்றப் பக்கம் திருப்பப் போகினம். அம்மா, இப்ப வாயைத் துடைக்கினம், பஞ்சு கொஞ்சம் குளிரும். அம்மா, வெளியிலை பனி கொட்டுது." நேர்ஸ்மார் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் தமிழில் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. குரல் அடைத்துப்போனது, அப்போதும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான்தான் அவளைப் பிடித்து எழுப்பினேன்.

"போ, ஏதாவது சாப்பிட்டிட்டு வா. நான் இருக்கிறன்."

"அன்ரி, பேசாமல் இருந்திடாதேங்கோ. அம்மாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேணும்."

அவள் போனதும் அந்தக் கதிரையில் இருந்தேன். மலரின் முகம் ஒரு பிடிக்குள் அடங்கும்போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். குளிர் என்றேன். ரயில் பிந்தினது என்றேன். மேற்பார்வைக்காரன் உன்னை விசாரித்தான் என்றேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து லாச்சியை இழுத்தேன். அதற்குள் அவளுடைய சாமான்கள் இருந்தன. சீப்பு, முருகன் படம், அந்தப் பிளாஸ்டிக் கோப்பு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவளே எடுத்து வைத்தாளாம். முதலாவதாக அந்தக் கடிதம்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். குனிந்து அவள் காதுக்குக் கிட்டப் போனேன்.

"மலர், யோசெப்பின் கதைக்கிறன். அண்டைக்கு நான் இதைப் பிழையா வாசிச்சனான். வேணுமெண்டுதான் வாசிச்சனான். இப்ப சரியா வாசிக்கிறன், கேள்."

வாசித்தேன். உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது என்றேன். பதிவு வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும், உங்களிடம் அவை இல்லை என்றேன். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி, அவளுக்கு விளங்குகிற தமிழில் சொன்னேன். அவள் மூச்சு ஒரே மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரைக்கும் வாசித்தேன். கீழே இருந்த தொலைபேசி இலக்கத்தையும் விடவில்லை.